பதற்றத்தில் ஏறும் சர்க்கரை: நோயற்ற உடலில் என்ன நடக்கிறது?

"டென்ஷனில் சுகர் ஏறிவிட்டது" என்ற பேச்சை வீட்டிலும் அலுவலகத்திலும் அடிக்கடி கேட்கிறோம். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சொல்லும்போது அதில் பெரும்பாலும் உண்மை இருக்கிறது; குளுக்கோமீட்டரில் தாங்களே பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை அது. ஆனால் நீரிழிவு இல்லாதவர்களும், வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் 104 என்றோ 108 என்றோ வந்துவிட்டால், முந்தைய வாரத்து வேலைச் சுமையையும் தூங்காத இரவையும் காரணம் காட்டி அதே சொற்களைச் சொல்கிறார்கள். வேறு சிலர், மனத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு அந்த எண்ணத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நெருக்கடி வேளையில் இரத்தத்தில் குளுக்கோஸைக் கூட்டுவது நோயற்ற உடல் வேண்டுமென்றே செய்கிற வேலை. அது எவ்வளவு கூடும், எவ்வளவு நேரம் நிற்கும், எந்த நிலையில் எச்சரிக்கையாக மாறும் என்பதெல்லாம், அந்தக் கூடுதலுக்குக் கணையம் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதைப் பொறுத்தவை. பரிசோதனைச் சீட்டில் அச்சாகும் எண் இந்த ஈடுகொடுத்தலைக் காட்டுவதில்லை; குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் இரத்த ஓட்டம் முழுவதிலும், சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில், கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 கிராம்; ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளலாம். மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவில், அதாவது மணிக்கு 5 கிராம், குளுக்கோஸை எரிக்கிறது. ஆகவே வெளியிலிருந்து எதுவும் வந்து சேராவிட்டால் இரத்தத்தில் உள்ளதை மூளை ஒரு மணி நேரத்திற்குள் தீர்த்துவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். வீட்டுக் குதிரிலிருந்து அன்றன்றைக்கு வேண்டிய நெல்லை அள்ளிப் போடுவதுபோல, அது தன்னிடம் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் 100 கிராம் அளவிலான கையிருப்பிலிருந்தும், புதிதாகத் தயாரித்தும், மணிக்கு 8 கிராம் வரை குளுக்கோஸை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. தசைகளில் இதைவிட மூன்று நான்கு மடங்கு கிளைக்கோஜன் இருந்தாலும், அதைக் குளுக்கோஸாக இரத்தத்திற்குத் திருப்பித் தரும் நொதி தசையில் இல்லை. அது தசையின் சொந்தச் செலவுக்கு மட்டுமே.

இந்த வரவையும் செலவையும் சமன்செய்யும் ஹார்மோன்களின் ஏற்பாட்டில் ஒரு சமமின்மை இருக்கிறது. குளுக்கோஸைக் குறைக்கும் முக்கிய ஹார்மோன் இன்சுலின் ஒன்றுதான். கூட்டுவதற்கோ குளுக்ககான், அட்ரினலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என நான்கு இருக்கின்றன. குளுக்கோஸ் அளவு ஒரு டெசிலிட்டருக்கு 80 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும்போதே இன்சுலின் சுரப்பு குறையத் தொடங்கும். 65 முதல் 70 வரை இறங்கினால் குளுக்ககானும் அட்ரினலினும் எழுந்துவிடும். கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் அதையொட்டி வரும். குளுக்கோஸ் அதிகமானால் உடல் பல ஆண்டுகளில்தான் கெடும், மிகவும் குறைந்தாலோ சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும் என்பதை நினைத்துப் பார்த்தால், காவலுக்கு ஏன் ஒருபக்கம் நான்கு பேர் என்பது விளங்கும். பயம், காயம், காய்ச்சல், இரத்த இழப்பு ஆகிய நெருக்கடிகளிலும் உடல் இதே நால்வரைத்தான் அழைக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றுதான்: நெருக்கடியில் அவர்கள் வரும்போது குளுக்கோஸ் குறைந்திருப்பதில்லை.

நரம்பு மண்டலத்திற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் சோதனையில் காட்டியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட். 1849ஆம் ஆண்டு, முயலின் மூளைத் தண்டில் நான்காவது உள்ளறையின் தரைப் பகுதியில் ஊசியால் குத்தியபோது, சிறிது நேரத்திலேயே அதன் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார். கல்லீரலில் கிளைக்கோஜன் இருப்பதை அவரே 1857இல் பிரித்தெடுத்துக் காட்டினார். மூளையில் குத்தினால் கல்லீரல் ஏன் சர்க்கரையை வெளிவிட வேண்டும் என்ற கேள்விக்கு அன்று முழுமையான விடை இல்லை.

அந்த விடைக்கு அருகில் கொண்டுவந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன். நாய் குரைப்பதைக் கேட்டும் கட்டிவைக்கப்பட்டும் மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வருவதையும், அட்ரினல் சுரப்பிகளை அகற்றிய பூனைகள் அதேபோல் மிரண்டாலும் சர்க்கரை வராததையும் அவரது குழு 1911இல் பதிவு செய்தது. பிறகு அவர் பார்வை மனிதர்கள்மேல் திரும்பியது. 1913இல் ஹார்வர்டின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பருவ இறுதி ஆட்டம் முடிந்த கையோடு, அணியைச் சேர்ந்த 25 பேரின் சிறுநீரை அவரும் சிரஸ் ஃபிஸ்கியும் சோதித்தனர். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்தப் 12 பேரில் ஐவர் மாற்று ஆட்டக்காரர்கள். களத்தில் இறங்கவே இல்லை, ஓரத்தில் உட்கார்ந்து எப்போது அழைப்பார்களோ என்று காத்திருந்தவர்கள். மருத்துவ மாணவர்கள் ஒன்பது பேரைக் கடினமான தேர்வு ஒன்றுக்குப் பின் சோதித்தபோது நால்வருக்குச் சர்க்கரை வந்தது. எளிய தேர்வுக்குப் பின் ஒருவருக்கு மட்டுமே வந்தது.

ஓடாதவனுக்கும் சர்க்கரை ஏறியது என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். உழைப்பு வேண்டாம், உழைப்பை எதிர்பார்த்திருப்பதே போதும் என்று அது காட்டியது. ஆனாலும் இன்றைய கண்ணோட்டத்தில் இதை நிதானமாகத்தான் படிக்க வேண்டும். சிறுநீரில் குளுக்கோஸ் தெளிவாக வெளியேற இரத்தத்தில் அது வழக்கமாக 180 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும். வெறும் பதற்றத்தால் நோயற்ற இளைஞர் ஒருவருக்கு அந்த அளவு வருவது அரிது. அக்காலச் சோதனை முறைகள் குளுக்கோஸை மட்டுமின்றித் தாமிர உப்பை ஒடுக்கும் பிற பொருள்களையும் சேர்த்தே காட்டக்கூடியவை. எண்ணிக்கையைவிட, கேனன் சுட்டிய திசையே நிலைத்து நின்றது என்று சொல்வது நியாயமாக இருக்கும்.

அந்தத் திசையில் முதலில் வருவது அட்ரினலின். மூளை ஆபத்தை உணர்ந்த சில நொடிகளில், உடலை அவசரத்துக்கு ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகள் வழியாக அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிக்குக் கட்டளை போய், அட்ரினலின் நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் செல்களின் மேல் உள்ள ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டதும், செல்லுக்குள் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் செல்லுக்குள் நுழையாமலேயே உள்ளே இருக்கும் நொதியை எப்படி எழுப்புகிறது என்பதைத் தேடிப் போன ஏர்ல் சதர்லேண்ட், சுழல் ஏ.எம்.பி. என்ற இடைத்தூது மூலக்கூறைக் கண்டறிந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். இன்று செல் உயிரியலின் பெரும் பகுதி நிற்கும் அந்தக் கண்டுபிடிப்பு, பதற்றத்தில் சர்க்கரை ஏறுவதை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. அதே நேரத்தில் அட்ரினலின் தசையின் கிளைக்கோஜனையும் உடைக்கிறது. அங்கு உண்டாகும் லாக்டேட் இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கு வந்து மீண்டும் குளுக்கோஸாகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. தசைகள் அவற்றை எரிக்கத் தொடங்கிக் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதைக் குறைக்கின்றன. கணையத்தில் குளுக்ககான் தூண்டப்படுகிறது, இன்சுலின் சுரப்பு அடக்கப்படுகிறது.

இப்படி நாலா பக்கமிருந்தும் அழுத்தம் வரும்போது குளுக்கோஸ் எகிறிப் போக வேண்டும் அல்லவா? போவதில்லை. இதற்கு அளவு ஒரு காரணம். அமைதியாக இருக்கும்போது ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் அட்ரினலின் 50 பிகோகிராம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். நோயற்றவர்களுக்கு அட்ரினலினைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பார்த்த 1980ஆம் ஆண்டு ஆய்வில், இதயத் துடிப்பு வேகமெடுக்க 50 முதல் 100 போதுமானதாக இருந்தது. குளுக்கோஸ் கூடுவதற்கோ 150 முதல் 200 தேவைப்பட்டது. இன்சுலின் சுரப்பை அடக்க அதனினும் மிகுதி வேண்டியிருந்தது. மேடையேறிப் பேசும்போது ஒருவருக்கு அட்ரினலின் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஆகவே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், குரல் நடுங்கும். ஆனால் குளுக்கோஸ் கணிசமாக ஏறுவதற்கான வாசற்படியை அது பெரும்பாலும் தொடுவதில்லை. படபடப்பு எவ்வளவோ சர்க்கரையும் அவ்வளவு என்று நாம் எண்ணிக்கொள்வது அதனால்தான் தவறிப்போகிறது. தவிர, அட்ரினலினின் பாதி அளவு இரண்டு மூன்று நிமிடங்களில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். பதற்றம் தணிந்ததும் கல்லீரலுக்குப் போகும் கட்டளையும் தணிந்துவிடுகிறது.

கார்டிசாலின் கதை வேறு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் கீழே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, அது அட்ரினல் சுரப்பியின் புறணியைத் தூண்டி, அங்கு கார்டிசால் புதிதாகத் தயாராகி வெளிவர வேண்டும். உச்சத்தைத் தொட 20, 30 நிமிடங்கள் ஆகின்றன. வந்தபின்னும் அது அவசரப்படுவதில்லை. செல்லுக்குள் நுழைந்து, தன் ஏற்பியுடன் சேர்ந்து, உட்கருவில் உள்ள மரபணுக்களை இயக்கிக் குளுக்கோஸ் தயாரிக்கும் நொதிகளைக் கல்லீரலில் பெருக்குகிறது. தசைப் புரதம் உடைந்து அதற்கான மூலப்பொருள் கிடைக்கிறது. இன்சுலின் கட்டளையிட்டாலும் தசையும் கொழுப்புத் திசுவும் முன்போல் குளுக்கோஸை உள்ளே எடுப்பதில்லை. இந்த விளைவுகள் தெரிய மணிக்கணக்காகும். கார்டிசால் இரத்தத்திலிருந்து விலகிய பின்னும் சிறிது காலம் நிற்கும். எனவே காலையில் நடந்த ஒரு சண்டையின் கார்டிசால் விளைவை அன்று காலையே குளுக்கோமீட்டரில் தேடுவதில் பயனில்லை.

கார்டிசாலைப் பகைவனாகவே எழுதிவிடும் பழக்கம் இன்று பரவியிருப்பதால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த மன அழுத்தமும் இல்லாத நாளிலும் கார்டிசால் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, விழித்தெழும் நேரத்தை ஒட்டி உச்சம் தொட்டு, நள்ளிரவில் மிகவும் தாழ்கிறது. இரவு முழுவதும் சாப்பிடாமல் இருக்கும் உடலில் மூளைக்குக் குளுக்கோஸ் குறையாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். அட்ரினல் புறணி செயலிழந்த ஆடிசன் நோயாளிகளுக்கு வெறும் வயிற்றில் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய்க்குறித் தொகுப்பில் பலருக்கு நீரிழிவே வந்துவிடுகிறது. தேவையானது இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அளவும், காலை ஏறி இரவு இறங்கும் தாளமும்.

ஹார்மோன்கள் ஒவ்வொன்றாகச் செய்வதைவிடச் சேர்ந்து செய்வது மிகப் பெரிது என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1979இல் நாய்களிலும் 1981இல் நோயற்ற மனிதர்களிலும் காட்டினர். கடும் நோயிலும் காயத்திலும் காணப்படும் அளவுக்கு அட்ரினலின், குளுக்ககான், கார்டிசால் ஆகியவற்றைத் தனித்தனியே செலுத்தியபோது குளுக்கோஸ் சிறிதே கூடியது, அல்லது கூடித் தணிந்தது. மூன்றையும் சேர்த்துச் செலுத்தியபோது, தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் வரும் தொகையைவிட மிக அதிகமாக ஏறியது. ஏறியது இறங்காமலும் நின்றது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அட்ரினலினும் குளுக்ககானும் கல்லீரலின் கையிருப்பைத் திறந்துவிடும் தாக்கம் தனியாக இருக்கும்போது விரைவில் மங்கிவிடும். கார்டிசால் அந்த மங்கலைத் தடுத்து, தயாரிப்பைத் தொடரச் செய்கிறது. தேர்வுப் பயத்திற்கும் எலும்பு முறிவுக்கும் உள்ள இடைவெளி இங்கே தெரிகிறது. முன்னதில் ஒன்றிரண்டு ஹார்மோன்கள் சிறிது நேரம் எழுந்து அடங்குகின்றன. பின்னதில் எல்லாம் ஒன்றாக எழுந்து நாள் கணக்கில் நிற்கின்றன.

மனப் பதற்றத்தை ஆய்வகத்தில் ஒழுங்காக உண்டாக்க இன்று பரவலாகப் பயன்படுவது, ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியான ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை. கலந்துகொள்பவர் வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவராகத் தம்மை எண்ணிக்கொண்டு, சில நிமிடத் தயாரிப்புக்குப் பின், அறிமுகமற்ற தேர்வாளர்கள்முன் நின்று தம்மைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையசைக்க மாட்டார்கள். ஒலிவாங்கியும் ஒளிப்பதிவுக் கருவியும் முன்னால் இருக்கும். பேச்சு முடிந்ததும், 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வரும்படி சொல்வார்கள். 1009, 996, 983 என்று போகும்போது எங்கே தவறினாலும் மறுபடியும் 1022இலிருந்து தொடங்க வேண்டும். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே இதில் கார்டிசால் இரண்டு மூன்று மடங்காகிறது. குளுக்கோஸோ அந்த விகிதத்தில் நகர்வதே இல்லை. பெரும்பாலும் வழக்கமான வரம்புக்குள்ளேயே சிறிது அசைந்து நின்றுவிடுகிறது.

இந்த ஆய்வு மரபில் 1997இல் வெளியான ஒரு முடிவு தனியே கவனிக்கத் தக்கது. எட்டு மணி நேரமேனும் பட்டினி கிடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வெறும் நீரும் மற்றவர்களுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கரைசலும் கொடுத்து, அதன்பின் அழுத்தச் சோதனைக்கு அனுப்பினார்கள். குளுக்கோஸ் குடித்தவர்களிடம் கார்டிசால் நன்றாக ஏறியது; பட்டினியாகவே இருந்தவர்களிடம் ஏற்றம் மிகவும் மங்கலாக இருந்தது. ஹார்மோன் சர்க்கரையை ஆள்கிறது என்று நாம் ஒருவழிப் பாதையாக எண்ணிக்கொண்டிருப்பதற்கு மாறாக, கையில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று பார்த்த பிறகே உடல் தன் நெருக்கடிப் படையின் அளவைத் தீர்மானிக்கிறது என்று இது உணர்த்துகிறது. மனப் பதற்றம் என்பதை உடலின் ஆற்றல் கணக்கிலிருந்து பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

குளுக்கோஸ் ஏன் வரம்புக்குள் நிற்கிறது என்ற கேள்விக்கு அளவு ஒரு காரணம் என்றேன். அதைவிடப் பெரிய காரணம் கணையத்தின் பீட்டா செல்கள். கார்டிசாலால் திசுக்கள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது குறைந்தால், பீட்டா செல்கள் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து அந்தக் குறையை ஏறத்தாழ அப்படியே நிரப்பிவிடுகின்றன. நோயற்றவர்களில் இன்சுலின் உணர்திறனையும் இன்சுலின் சுரப்பையும் பெருக்கினால் வரும் தொகை ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பது 1980களிலிருந்து ஆய்வாளர்கள் நன்கறிந்த உறவு. ஒன்று பாதியானால் மற்றொன்று இரட்டிப்பாகும். ஆகவே ஒருவரின் இன்சுலின் உணர்திறன் கணிசமாகக் குறைந்திருக்கும்போதும் அவரது வெறும்வயிற்றுக் குளுக்கோஸ் 88 என்றே காட்டலாம். எண் மாறவில்லை, அந்த எண்ணை அங்கே நிறுத்திவைக்கக் கணையம் செலவிடும் உழைப்பு மாறியிருக்கிறது. வழக்கமான பரிசோதனையில் இன்சுலினை அளப்பதில்லை என்பதால் இந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே போகிறது.

உறக்கக் குறைவில் இது மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நலமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். அந்த நாள்களின் முடிவில், செலுத்தப்பட்ட குளுக்கோஸை இரத்தத்திலிருந்து நீக்கும் வேகம், நன்றாகத் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. மாலையில் இறங்கியிருக்க வேண்டிய கார்டிசால் உயர்ந்தே இருந்தது. நெதர்லாந்தின் லைடனில் 2010இல் வெளியான ஆய்வு, ஒரே ஓர் இரவு நான்கு மணி நேரம் தூங்கினாலே நலமானவர்களின் இன்சுலின் உணர்திறன் கால்வாசி அளவுக்குக் குறைவதைக் காட்டியது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர்களும், கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்களும், மாற்றுப்பணித் தொழிலாளர்களும் ஆறு இரவுகள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இந்த நிலையில் வாழ்கிறார்கள். சர்க்கரை குறித்துப் பேசும்போது நாம் சோற்றையும் இனிப்பையும் பற்றிப் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட உறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

உடற்பயிற்சியும் பலரைக் குழப்புகிறது. இப்போது நீரிழிவு இல்லாதவர்களும் தொடர் குளுக்கோஸ் உணரியைக் கையில் ஒட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். வேகமாக ஓடி முடித்ததும் கைபேசியில் 140, 150 என்று எண் ஏறுவதைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். மிதமான நடையில் தசை எடுப்பதும் கல்லீரல் விடுவதும் ஏறத்தாழ ஒத்துப்போகும். ஒருவரால் முடிந்த உச்ச உழைப்பின் 80 விழுக்காட்டைத் தாண்டும் தீவிர ஓட்டத்தில் அட்ரினலின் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்து, கல்லீரல் விடும் குளுக்கோஸ் ஏழு எட்டு மடங்காகிறது. தசைகள் எடுப்பதோ மூன்று நான்கு மடங்குதான் கூடுகிறது. மிச்சம் இரத்தத்தில் ஏறி, ஓட்டம் நின்றபின் இன்சுலின் எழுந்து அதைத் தசைக்குள் தள்ளும்வரை நிற்கிறது. உடல்நலம் உள்ளவருக்கு அது ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இந்த ஏற்றத்தைக் கண்டு ஓட்டத்தை நிறுத்திவிடுவது பெருந்தவறு. அதே ஓட்டம் அடுத்த ஒரு நாள் முழுவதும் தசைகளின் இன்சுலின் உணர்திறனைக் கூட்டிவைக்கிறது.

காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு போன்றவற்றில் நிலைமை தீவிரமாகிறது. குளுக்கோஸைக் கூட்டும் நான்கு ஹார்மோன்களும் ஒன்றாக எழுவதோடு, அழற்சியின்போது வெளிவரும் சைட்டோகைன்கள் என்ற புரதங்களும் இன்சுலினை எதிர்க்கின்றன. அதற்குமுன் நீரிழிவே இல்லாதவருக்கும் மருத்துவமனைப் படுக்கையில் 140ஐயோ 180ஐயோ தாண்டுவது அடிக்கடி நடப்பது. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் இதன் கடுமையான வடிவத்தை நாம் பார்த்தோம். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர்காக்கும் மருந்து என்பது 2020இலேயே உறுதியாகியிருந்தது. அது கார்டிசாலின் வேலையைப் பல மடங்கு வலுவுடன் செய்யும் செயற்கை ஸ்டீராய்டும் ஆகும். நோயின் நெருக்கடியும் மருந்தின் விளைவும் சேர்ந்து, தமக்குச் சர்க்கரை உண்டு என்றே அறியாத பலரின் அளவை மிக உயரத்துக்குக் கொண்டுபோயின. கறுப்புப் பூஞ்சை என்று அன்று பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் பெருகியதில் கட்டுப்படாத சர்க்கரைக்கும் தேவையின்றியோ அளவுமீறியோ தரப்பட்ட ஸ்டீராய்டுக்கும் பெரும் பங்கு இருந்தது. காலையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு ஏற்றம் பிற்பகலிலும் மாலையிலும்தான் தெரியும். வெறும்வயிற்றுச் சோதனை மட்டும் பார்த்தால் அது தப்பிவிடும்.

அப்படியானால் டென்ஷனால் நீரிழிவு வருமா? ஹார்மோன்களின் வேலையை வைத்துப் பார்த்தால், பீட்டா செல்களில் போதிய கையிருப்பு உள்ள ஒருவருக்குப் பதற்றம் மட்டும் நீரிழிவைக் கொண்டுவரும் என்று சொல்ல இடமில்லை. கையிருப்பு ஏற்கெனவே குறைந்து, ஈடுகொடுக்கும் எல்லையின் ஓரத்தில் இருப்பவரை ஒரு நெருக்கடி எளிதில் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அவருக்கு நோய் அன்று வந்ததுபோல் தோன்றினாலும் அது வெளிப்பட்டதுதான் அன்று. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் முடிவுகள் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இந்தியாப்’ (INDIAB) என்ற ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர் நீரிழிவு உள்ளவர்கள், மேலும் 15.3 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள். ஆகவே நம்மிடையே தம்மை நலமானவர் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலர் அந்த ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நெடுநாள் மன அழுத்தம் அவர்களை ஹார்மோன் வழியாக மட்டும் தள்ளுவதில்லை. உறக்கம் கெடுகிறது, நேரம் தப்பி இரவில் அதிகமாகச் சாப்பிடுகிறார்கள், நடை நின்றுபோகிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இவற்றில் எது எவ்வளவு என்று ஒரு தனிமனிதரிடம் பிரித்துக் காட்ட இயலாது. ஆயினும் முதலில் சரிசெய்யத்தக்கது உறக்கம் என்பதே என் துணிபு.

வெறும் வயிற்றில் 104 என்று வந்த சீட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இதிலிருந்து சில நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன. வீட்டுக் குளுக்கோமீட்டர் 100ஐ ஒட்டிய அளவுகளில் 15 மில்லிகிராம் வரை முன்பின் காட்டுவது அதன் தர வரம்புக்குள் அனுமதிக்கப்பட்ட ஒன்று. எனவே அந்த எண் ஆய்வகத்தில் எடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். முந்தைய இரவு தூக்கமின்றியோ காய்ச்சலோடோ கழிந்திருந்தால், நன்றாகத் தூங்கி உடல் தேறிய பின் மறுபடி எடுப்பது நல்லது. அப்போதும் 100க்கும் 125க்கும் இடையிலேயே நின்றால் அதைப் பதற்றத்தின் கணக்கில் எழுதி ஒதுக்கிவிடக் கூடாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஒரு நாள் பதற்றத்தால் அசையாது, 5.7 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது சர்க்கரை ஏறியவர்களுக்கும் இதே சோதனைதான் அது நெருக்கடியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பெரும்பாலும் பிரித்துக் காட்டும். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ள பெண்களுக்கு எச்பிஏ1சி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம், இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அந்த எண்ணை நம்பவே முடியாது. அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து அளக்கும் பழைய சோதனையையே மருத்துவர்கள் நாடுகிறார்கள். கணையம் சுமையைத் தாங்குகிறதா என்பதை வேண்டுமென்றே சுமையேற்றிப் பார்க்கும் சோதனை அது.